ஒயர் இழுக்காத ஹீட்டர்

தொண்ணூற்றாறில், வாளியில் கிடந்த ஹீட்டர் கம்பியை அணைக்காமல் சூடு பார்க்க விரல் விட்டுத்தான் ஜெசிந்தா செத்துப்போனாள். அடுத்த மாதம் அவள் கணவன் பத்ரோஸ், இழுப்பு நோயுள்ள சிறு மகள் ஷைனாவுக்காக உதியன்குளங்கரையில் ஹீட்டர் வாங்கப் போனான்.

“ஷாக் அடிக்காததாக்கும் வேணும்.”

“ஷாக் இல்லாத கரண்டுக்கு நான் எங்க போவ?” கடைக்காரர் சிரித்தார். “செவருல மாட்டுறத எடும் அண்ணா. பிள்ளைக்குக் கை எட்டாது.”

மறுநாள் காலை அதைச் சுவரில் மாட்டிய கடைப் பையன், மத்தியானம் வந்து ஒயர் இழுப்பதாகச் சொல்லிப் போனான். சற்று நேரத்தில் குளியலறையிலிருந்து ஆவி வந்தது.

“மக்கா, வெந்நி ஏது?”

“அம்மா வெளாவித் தாறா அப்பா. சூடு பாக்கப் போறா.”

பத்ரோஸ் ஓடிப்போய் மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூசைப் பிடுங்கினான். அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு குளியலறைக் கதவருகே வந்து நின்றான்.

“ஜெசிந்தா, ஃபியூஸ் ஊரியாச்சு. இனி தொட்டோ.”