பேய்ச் செலவு

கலியன் தறியில் உட்கார்ந்து, நெய்யும் நாடாவைத் தொடாமல் அழுதுகொண்டே இருந்தான். அவன் மனைவி அங்கம்மாள் பட்டு நெசவாளர் சங்கத்துக்கு ஓடினாள்.

"மெட்ராசு மனநோய் டாக்டர்கிட்ட காட்டணுங்க. மாசாமாசம் கூலியில பிடிக்கிறீங்களே நோய் நிதி, அதுல கொடுங்க."

"மனசுக்கெல்லாம் ஏதும்மா நோய்?" என்றார் தலைவர் துரைக்கண்ணு. "பேய் பிடிச்சிருக்குதுன்னு சொல்லு, உடனே தர்றேன். பேயோட்டறதுக்குத் தீர்மானமே இருக்குது."

அங்கம்மாள் யோசிக்கவே இல்லை. "பேய்தாங்க!"

பணம் கிடைத்தது. சில மாதங்களில், காமாட்சி அம்மன் புண்ணியத்தில் கலியன் மறுபடி தறியில் பாட ஆரம்பித்தான். ஒருநாள் தலைவர் அவர்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார்.

"எனக்கும் தூக்கமே இல்லேம்மா. பேயோட்டின அந்தப் பூசாரி யாரு?"

"மெட்ராசுல இருக்கார். உடுக்கை, வேப்பிலை கிடையாது. நாம பேசப் பேசக் கேட்டுக்கினே இருப்பார்."

"அடிப்பாவி, டாக்டரா! சங்கத்துப் பணத்துலயா?"

"கத்தாதீங்க தலைவரே. உங்க பேர்லயும் ஒரு பேயை எழுதிட்டாப் போச்சு."