நாலு கியரும் பின்பக்கம்

"அந்த எஞ்சின் மேல கை வச்சீங்க, அப்புறம் இந்த வீட்டுல அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்."

வெளியூரிலிருந்து வந்த மகள் பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. ஷெட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்தான் வாசலுக்கு வந்து அவளை வரவேற்றது.

எட்டிப் பார்த்தாள்.

ஷெட்டின் நடுவே வெயிலில் வெளுத்துப்போன ஒரு கோல்ஃப் வண்டி. பந்தடிக்கிற பெரிய மனிதர்கள் நடக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்து போவார்களே, அது. பாட்டரி செத்து, கழித்துப் போட்டதை, அந்த மைதானத்தில் புல் வெட்டும் மாமா இழுத்துவந்து தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்தில் அப்பாவின் பழைய பைக். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு, மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு, ஸ்பேனரோடு அப்பா.

மகளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததும், இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். மகள் போனில் என்ன கேட்டாலும், "ம்." இன்னும் கேட்டால், "அம்மாகிட்ட குடுக்கறேன்."

இப்போது வாய் திறந்து பேசினார்.

"டாக்டர் ரெண்டு சக்கரம்தானே வேண்டாம்னார்? இதுக்கு நாலு இருக்கு."

"பாட்டரி வண்டியில பைக் எஞ்சினா? எருமைக்குக் குதிரைக் காலை ஒட்ட வச்ச மாதிரி. பொருந்தவும் பொருந்தாது, உங்களால முடியவும் முடியாது."

"என்னால முடியாதா?"

அப்பா ஸ்பேனரை போல்ட்டில் மாட்டினார்.

பாவம் அப்பா என்று இருந்தது மகளுக்கு. மனுஷன் இப்போதுதான் தலை தூக்குகிறார், அதையும் தட்டி உட்கார வைக்க வேண்டுமா?

அடுத்தடுத்த நாட்களில் வீடே ஒர்க்‌ஷாப் ஆனது. பாட்டரி இருந்த பள்ளத்தில் இரும்புச் சட்டம் வைத்து எஞ்சினை உட்கார வைத்தார். பின் அச்சில் பல்சக்கரம் மாட்டி, செயினால் இணைத்தார். காலால் போடும் கியருக்குக் கையால் இழுக்க ஒரு கம்பி. சாப்பாட்டுத் தட்டிலேயே விரலால் படம் போட்டார். படம் அழியக் கூடாதென்று இன்னொரு கரண்டி சோறு கேட்டு ஓரத்தில் வாங்கிக்கொண்டார்.

அம்மா ஓயவில்லை. வேளாவேளைக்கு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னுமா கழட்டலை?"

"இந்தச் செயின் மூணு சுத்துல அறுந்துடும், பாருங்க."

"பழைய இரும்புக்காரன் வந்தா வண்டியோட உங்களையும் சேர்த்து ஏத்திவிடறேன்."

அவள் தலை மறைந்ததும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, போல்ட்டை இன்னும் கால் சுற்று இறுக்குவார்.

வெள்ளோட்டத்துக்கு மாமாவும் வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தினார்கள். அம்மா வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த கொடியில் துணி உலர்த்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. முகத்தில் ராஜகளை. தெருவைப் பார்த்தபடி கியரை இழுத்து, கிளட்சை விட்டார்.

வண்டி வீட்டைப் பார்த்துப் பாய்ந்தது.

பதறிப்போய் அடுத்த கியரை இழுத்தார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கொடி அறுந்தது. இரண்டு தலையணை உறை, ஒரு போர்வை, மாமாவின் செருப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, சுவரோரத்து உரக்குவியலில் ஏறி நின்று, எஞ்சின் அணைந்தது.

போர்வைக்குள் அப்பா அசையாமல் இருந்தார்.

மகள் ஓடினாள்.

போர்வை குலுங்கியது. உள்ளிருந்து ஒரு சிரிப்பு. ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"மாப்ளே, இடம் பத்தலைன்னு எஞ்சினைத் திருப்பி வச்சேன் பாரு. நாலு கியரும் ரிவர்ஸுடா."

"அதனால என்ன அத்தான்? சீட்டைத் திருப்பிப் போட்டுட்டா முன்னாலதானே போகுது," என்றார் மாமா, ஒற்றைச் செருப்போடு.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சொன்னேன், கேட்டீங்களா? இன்னிக்கே இதைக் கழட்டித் தூக்கிப் போடணும். அவ்வளவுதான்."

விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனாள்.

"ஏம்மா, அவர் சிரிச்சு எத்தனை நாளாச்சு? உனக்கு மனசுங்கறதே கிடையாதா?"

அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது கண்ணெல்லாம் தண்ணீர். முகமெல்லாம் சிரிப்பு.

"போர்வையோட பார்த்தியா அவரை?"

மகள் விழித்தாள்.

"எழுந்திருங்க, ஏதாவது பண்ணுங்கன்னு மாசக்கணக்கா கெஞ்சினேன்டி. அசையலை. உங்கப்பா என்னிக்குச் செய்யுங்கன்னு சொன்னதைச் செஞ்சிருக்கார்? அதான் உன் மாமன்கிட்ட சொல்லி அந்த வண்டியை இழுத்துட்டு வரச் சொன்னேன்."

பேசிக்கொண்டே காதைத் தீட்டினாள். வெளியே பேச்சையும் காணோம், சுத்தியல் சத்தத்தையும் காணோம்.

முகத்தைத் துடைத்து, புருவத்தை நெரித்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்மா வாசலுக்கு நடந்தாள்.

"அலுத்துப்போய் உட்கார்ந்துட்டார் போல. இரு, ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."