மண் விரல் பட்ட இடம்

சிங்கவரத்துக் கடலைக்காட்டில் சாய்வெயில். உழவுக்கு டிராக்டர் வரவழைக்கும் செயலியை அட்டையில் வரைந்து கொடுத்துவிட்டு, கலைமதி வரப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். செயலியைப் புதியவர்கள் தாமாகவே பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் சோதனையின்போது சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அவள் வேலையின் விதி. கடலை பறித்த கையோடு அட்டையைப் பார்க்கிறாள் மாரியம்மாள். கீழே, வண்டியை அழைப்பதற்கென்று கலைமதி மூன்று வாரம் இழைத்து இழைத்து வரைந்த நீலப் பொத்தான். மாரியம்மாளின் விரலோ மேலே டிராக்டர் படத்தில் அழுந்துகிறது. அங்கே ஏற்கெனவே, முன்பு அமுக்கிப் பார்த்த நான்கு பேரின் செம்மண் ரேகை. “இன்னாம்மா, தப்பா அமுக்கிட்டனா?” “இல்லக்கா, நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன்.” சிரித்தபடியே பேனாவால் பொத்தானை அடித்துவிட்டுப் படத்தைச் சுற்றி வட்டமிடுகிறாள் கலைமதி. மாரியம்மாள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். “சரி, நாளைக்கு எத்தினி மணிக்கு வண்டி வருது?”