ஒன்பது மணிச் செய்தி

"ஒன்பது மணின்னா ஒன்பது மணிதான்! ஆறு அடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு உடைச்சிருக்கீங்களே, உங்களுக்கே இது நல்லா இருக்கா லோவெல்?"

போன் ஸ்பீக்கரில் கொரின் போட்ட சத்தத்தில், வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த ரெனாட்டா கரண்டியோடு வந்து நின்றாள். காலை நேரத்தில் கணவனுக்குத் திட்டு விழுந்தால் எந்த மனைவிக்குத்தான் ஆர்வம் வராது?

துணி மடிக்கும் இயந்திரம் ஒன்று அன்று அறிமுகமாக இருந்தது. அதன் விளம்பர வேலை கொரினுடையது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பொருளைப் பற்றிய விவரமெல்லாம் லோவெல் போன்ற செய்தித் தளக்காரர்களுக்கும் வலைப்பதிவர்களுக்கும் முன்கூட்டியே வந்துவிடும். குறித்த மணி அடிக்கும் வரை யாரும் மூச்சு விடக் கூடாது. முதலில் மீறுகிறவரின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

"அஞ்சு அம்பத்தெட்டுன்னு உங்க பதிவுலயே நேரம் போட்டிருக்கு. இல்லைன்னு சொல்லிடாதீங்க!"

"இல்லைன்னு சொல்லலையே. அவசரப்பட்டுட்டேன் கொரின்."

"உங்களைப் பார்த்துட்டு கிளீவ்லேண்டுல மார்னியும் ஆறு மணிக்குப் போட்டுட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. ஒருத்தர் உடைச்சிட்டா அப்புறம் யாருக்கும் கட்டுப்பாடு கிடையாது. பாவம், வேலை பார்த்த பத்திரிகையை இழுத்து மூடிட்டாங்க. தனியா ஒரு வலைப்பதிவு ஆரம்பிச்சு, போன வாரம்தான் எங்க பட்டியலுக்குள்ள வந்தா. அவ முதல்ல போட்டிருந்தா இந்நேரம் பேரை அடிச்சிருப்பேன். நாங்க அடிச்சா மத்தவங்களும் அடிச்சிருவாங்க. அவ கடையை மூட வேண்டியதுதான்."

"தெரியும்."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்ககிட்டேயிருந்து உங்களுக்கு ஒரு செய்தியும் வராது. உங்க தளம் பெரிசு, தாங்கிக்குவீங்க."

"நியாயம்தான்."

போன் வைக்கப்பட்டது. லோவெல் ஒன்றுமே நடக்காததுபோல் காபியைக் குடித்தான். அதுதான் ரெனாட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு இன்னைக்கு வாஃபிள் கிடையாது."

"நான் என்ன பண்ணேன்?"

"போன மாசம் முந்திரிக்கொட்டைங்களைத் திட்டி அவ்வளவு நீளமா எழுதினியே, அதை எழுதினது யாரு? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பினேன். நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மேஜை மேலிருந்த லேப்டாப் 'டிங்' என்றது. அவனுடைய பதிவின் கீழ் புதிதாக ஒரு கருத்து. ரெனாட்டா திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மார்னிதான். உனக்கு நல்லா வேணும், கேளு." குரலை உயர்த்தி ரசித்துப் படித்தாள்.

'ஒன்பது மணி அடிக்கும் வரை காத்திருந்து போட்டேன் லோவெல். இவ்வளவு பெரிய தளம் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டு நிமிடம் பொறுக்க முடியவில்லையா? வெட்கமாக இல்லை?'

"நல்லாக் கேட்டா!" என்றவள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷமா? நீ மூணு மணி நேரம் முன்னாடியே போட்டேன்னுல்ல கொரின் கத்தினா?"

லோவெல் காபிக் கோப்பையை மறுபடியும் எடுத்தான்.

"அவ ஊர்ல ஒன்பதுன்னா இங்க ஓக்லண்டுல ஆறு. அப்போ இவ தன் ஊர் கடிகாரத்தைப் பார்த்து…" ரெனாட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "இரு, இரு. ஆறு மணிக்கு நீ குறட்டைதானே விட்டுட்டு இருந்தே? நான்தானே உதைச்சேன்!"

"மெதுவாப் பேசேன்."

"லோவெல்!"

"எந்திரிச்சு வந்து பார்த்தேன். ஒருத்தரும் போடாத நேரத்துல அவ பதிவு மட்டும் தனியா நின்னுட்டிருந்தது. கொரின் ஏழு மணிக்குத்தான் கண்ணு முழிப்பா. அதுக்குள்ள என்னோடதையும் போட்டு, மேல இருக்கிற நேரத்தை மட்டும் அவளுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி மாத்தி வச்சேன். அவ்வளவுதான்."

ரெனாட்டா தட்டை அவன் பக்கம் தள்ளினாள். தன் வாஃபிளையும் எடுத்து அதில் வைத்து, மேப்பிள் பாகைத் தாராளமாக ஊற்றினாள். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கையெல்லாம் பாகு.

"அவ உன்னைத் திட்டிட்டிருக்காளே?"

"திட்டட்டும். கொரின் இதைப் பார்த்துடக் கூடாது, அதான் பயம்."

முதலில் அந்தக் கருத்தை நீக்கினான்.

"போச்சு. இன்னும் கோவம் வரும் அவளுக்கு."

"வரட்டும். ஆனா மறுபடியும் இதே தப்பை அவ பண்ணிடக் கூடாது. அதை எப்படி நோகாம சொல்றது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, மார்னிக்குத் தனியாக எழுதினான்.

'மன்னிச்சுக்கோ மார்னி. ஒன்பது மணின்னு அவங்க சொன்னது கலிஃபோர்னியா நேரமாம். நான்தான் உங்க ஊர் நேரம்னு நினைச்சு அவசரப்பட்டுட்டேன். இனிமே கவனமா இருக்கேன்.'

"எப்படி?" என்றான் பெருமையாக.

"பரவாயில்ல, பொய்யும் நல்லாத்தான் வருது உனக்கு."

இரண்டு வாஃபிளும் தீர்ந்தன. பதில் வரவில்லை. ரெனாட்டா தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் லேப்டாப் மறுபடியும் 'டிங்' என்றது.

மார்னி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

'நீங்க இருக்கிறதே கலிஃபோர்னியாலதானே லோவெல்?'