தோப்புக்குள் வந்த பைபாஸ்

முத்தாத்தாள் எடுத்து வந்து கொடுத்த கடப்பாரையை வாங்கி, சர்வே கல்லின் அடியில் ஓங்கிக் குத்தினார் நஞ்சுண்டன். மண் இளகிக் கல் சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினார்.

“பைபாசு வருதாம் பைபாசு! இன்னொருக்கா நட்டாலும் புடுங்கி வீசுவேன்!”

மூச்சு வாங்கியது. எழுபதைத் தாண்டிய உடம்பு. முத்தாத்தாள் மோர்ச் சொம்பை நீட்டினாள், ஒன்றும் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் பேசுவார், அவள் கேட்டுக்கொள்வாள்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் சின்ன டவுன் அது. நஞ்சுண்டன் பேரூராட்சித் தலைவராக இருந்த காலத்தில்தான் அங்கே மேல்நிலைத் தொட்டி எழுந்தது, பஸ் ஸ்டாண்டு வந்தது, சந்தைக்குக் கூரை போட்டார்கள். ஊருக்குக் கிழக்கே குடிசைகளில் கிடந்த கூலிக்காரக் குடும்பங்களுக்கு அரசாங்கத்தில் பேசித் தொகுப்பு வீடுகள் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். திறப்பு விழா அன்று அந்தச் சனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

பதவியில் இருந்து சொத்துச் சேர்த்தான் என்று நாளைக்கு எவனும் பேசிவிடக் கூடாதே என்று, பரம்பரைத் தோப்பைக்கூட அப்போதே முத்தாத்தாள் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். அவ்வளவு ஜாக்கிரதையான மனுசன்.

இப்போது தலைவர் சாய்குமார். மேடைக்குச் சேர் தூக்கிப் போட வந்தவனைக் கவுன்சிலராக்கி, கடைசியில் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தவர் நஞ்சுண்டன். “பைபாசு கெழக்கால போகுதுங்கய்யா. நம்ம தோப்புக்கு ஒண்ணுமில்லீங்க” என்று வீடு தேடி வந்து சொன்னவனும் அவன்தான். அந்த வார்த்தையை நம்பி அவர் நிம்மதியாக இருந்தபோதுதான் தோப்புக்குள் கல் முளைத்தது.

ஜீப் ஒன்று வந்து நின்றது. சாய்குமாரும், நிலம் எடுக்கும் தாசில்தார் பிரவீனாவும் இறங்கினார்கள்.

குழியைப் பார்த்ததும் பிரவீனாவின் முகம் மாறியது. “ஐயா, சர்வே கல்லைப் புடுங்கினா கேஸ் ஆயிடுங்க.”

“போடுங்கம்மா. மொதல்ல இவன் மேல போடுங்க.” நஞ்சுண்டன் சாய்குமார் பக்கம் திரும்பினார். “ஏன்டா, ஆரு சொல்லி இந்த ரோட்டை இங்க திருப்பினே?”

“நான் எதையும் திருப்பலீங்கய்யா.”

“பின்ன, கெழக்கால போன ரோடு தானா நடந்து மேக்கால வந்துதா?”

“அங்க போனா அத்தனை தொகுப்பு வீடும் போயிருமுங்களே. நீங்க கட்டிக் குடுத்ததுங்க...”

“போனாப் போவுது! கவருமெண்டு கட்டுன வீடு, கவருமெண்டே இடிக்குது. வேற எங்காச்சும் கட்டிக் குடுப்பாங்க. என்ற தென்னையை எவன்டா திருப்பிக் குடுப்பான்?”

முத்தாத்தாள் சொம்போடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

சாய்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவைப் பார்த்ததும் நஞ்சுண்டனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. காலமெல்லாம் எதிராளிகளோடு மல்லுக்கட்டியவர் அவர். அவர்கள் செய்தது எதுவும் அவரை இப்படி வலித்ததில்லை.

“உன்னைய என்ற மவனாட்டப் பாத்தேனேடா...” தென்னை மரத்தில் சாய்ந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “எனக்குக் கொள்ளி வைக்கிறதுக்கும் நீ இருக்கறேன்னு நெனச்சிருந்தேன்.”

சாய்குமாரின் கண்ணும் கலங்கியது. வாயைத் திறந்தவன், எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டான்.

பிரவீனாவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, அவரைக் குத்தம் சொல்லாதீங்க. அந்த வீடுகளை இடிக்க எங்களுக்கும் மனசில்லை. ஆனா வேற வழி கிடைக்கலை. அப்பத்தான் நிலத்துக்காரங்களே ஆபீசுக்கு வந்து, ‘எங்க தோப்பு வழியாக் கொண்டுபோங்க, எங்களுக்குச் சம்மதம்’னு சொன்னாங்க. அதனாலதான் ரோடே மாறுச்சு.”

“நெலத்துக்காரங்களா?” நஞ்சுண்டன் நிமிர்ந்தார். “நான் எப்பம்மா உங்க ஆபீசுப் படி ஏறுனேன்?”

பிரவீனா சாய்குமாரைப் பார்த்தார். அவன் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஓ! என்ற பேரைச் சொல்லி எவனையோ கூட்டிட்டுப் போயி நிறுத்திப்போட்டியா? அந்தளவுக்குத் துணிஞ்சுட்டியா நீ?”

கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். சாய்குமார் விலகவில்லை, அடி வாங்கத் தயாரானவன் போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

ஓங்கிய கையைப் பின்னாலிருந்து யாரோ இறுகப் பிடித்தார்கள். நஞ்சுண்டன் ஆத்திரத்தோடு திரும்பினார். முத்தாத்தாள்.

“தம்பியை உடுங்க. போயிச் சொல்லிப்போட்டு வந்தது நானுங்க.”