வெள்ளிக்கிழமைத் தலைவலி

அவள் வரிசையில் இரண்டாவதாக நின்றாள். தலை விண்விண் என்று தெறித்தது.

கூட வேலை பார்த்தவளின் மகளுக்குக் கல்யாணம், வராமல் இருக்க முடியுமா? பஸ்ஸில் வந்த அலுப்பு போதாதென்று மண்டபத்தில் காலையிலிருந்து ஸ்பீக்கர் அலறியது. கணவர் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டார். மாத்திரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். மண்டபத்துக்கு எதிரிலேயே ஒரு மருந்துக்கடை இருந்தது. பாழாய்ப்போன கால்கள் அதைத் தாண்டி, தேரடியைத் தாண்டி இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டன.

அதே கடை.

உள்ளே இருப்பதும் அதே ஆள். ஆவுடையப்பன்.

அன்று அவன். இன்று அவர் என்றுதான் சொல்ல வேண்டும். தலை முழுக்க நரைத்துவிட்டது. குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இந்தத் தென்காசியில் டெலிபோன் ஆபரேட்டர். எட்டு மணி நேரம் காதில் ஹெட்போன். தலைவலி என்றால் ஊரே நம்பும்.

அவளுக்குத் தலைவலி வந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் டியூட்டி முடிந்ததும் நேராக இங்கே வருவாள். நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். அவன் இரண்டு அட்டைகளைக் கண்ணாடிப் பலகை மேல் எடுத்து வைப்பான்.

எது நல்லது என்று கேட்பாள்.

அவன் சொல்லத் தொடங்குவான். இது பாராசிட்டமால், வயிற்றை ஒன்றும் செய்யாது, அளவு மீறினால்தான் ஈரலுக்கு ஆகாது. அது இபுபுரூஃபன், வீக்கத்தோடு வரும் வலிக்கும் கேட்கும், ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் புண்ணாக்கிவிடும். நீங்க சாப்ட்டாச்சா?

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் அவ்வளவு நாடகமும்.

பெற்ற அம்மாகூட அப்படி ஒரு குரலில் அவளைக் கேட்டதில்லை.

எதைச் சொன்னால் இன்னும் இரண்டு நிமிஷம் பேசுவான் என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தே யோசித்து வைத்திருப்பாள். ஒருநாள், வீக்கம் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். இன்னொரு நாள், காப்பி குடித்துவிட்டுப் போடலாமா என்றாள். அதற்கு அவன் கால்மணி நேரம் விளக்கம் சொன்னான். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படியே ஒன்றரை வருஷம்.

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்பான், கேட்பான் என்று இருந்தாள். தானே வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை.

கோயம்புத்தூரில் வரன் அமைந்தது. கடைசி வெள்ளிக்கிழமை வந்து நின்று, கல்யாணம் என்றாள். அவன் எடுத்த அட்டைகளைத் திரும்பவும் உள்ளே வைத்தான்.

சந்தோஷம் என்றான்.

மக்கு என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். மாத்திரையைத் தவிர இவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த முடிவுதான் அவளை இத்தனை வருஷமும் காப்பாற்றியது. ஒன்றும் தெரியாதவனை நினைத்து என்னத்தை அழ? கணவர் நல்ல மனிதர். பிள்ளைகள் இரண்டும் தலையெடுத்துவிட்டன. ஒரு குறையும் இல்லை.

முன்னால் நின்ற ஆட்டோக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி மாத்திரை கேட்டார்.

"தர மாட்டேன். ரெண்டு தடவ வாங்கியாச்சுல்லா? இனி டாக்டரப் பாத்துட்டு வாங்க" என்றார் ஆவுடையப்பன், தலையை நிமிர்த்தாமலே.

ஆட்டோக்காரர் இவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"கடைக்கு வந்த நாள்ல இருந்தே அண்ணாச்சி இப்படித்தான்க்கா. மூணாவது தடவ யாருக்குமே வலி மாத்திர தந்தது கிடையாது. எங்கய்யாவ அடிக்காத குறையா டாக்டர்ட்ட வெரட்டிருக்காவ."

அவர் நொண்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

யாருக்குமே கிடையாதாம்.

எத்தனை வெள்ளிக்கிழமை மாத்திரை தந்திருக்கிறான்! மழையில் நனைந்துகொண்டு வந்த வெள்ளிக்கிழமைகூட உண்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அவன் அவளை டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறானா?

அடப்பாவி மனுஷா.

தெரிந்துகொண்டேதான் சும்மா இருந்தாயா? சந்தோஷம் என்று சொன்னாயே, அப்போதும் தெரியுமா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாடிப் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டலாம் போல இருந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில், வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், ஒரு சந்தோஷமும் இருந்தது. அறுபது வயதில்.

"என்ன வேணும்?"

தலைவலி என்றாள்.

பேனா நின்றது.

குரலை வைத்து உத்தியோகம் பார்த்தவள். அந்தக் குரல் அவ்வளவாக மாறிவிடவில்லை.

அவர் மெல்ல நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார். வகிட்டுக் குங்குமத்தைப் பார்த்தார், நரையைப் பார்த்தார், கடைசியாக முகத்தைப் பார்த்தார்.

"இப்ப நெசமாவே வலிக்கா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எது வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட்டாயிற்றா என்றும் கேட்கவில்லை. வயிற்றுக்குக் கெடுதல் செய்யாததை எடுத்தார். கத்தரிக்கோலைத் திறந்தார். அட்டை அதில் சிக்காமல் விலகி விலகிப் போனது.

அவள் கையை நீட்டி, அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.