சாலு

“மேஸ்திரி! டீ குடிக்க வண்டிய நிறுத்தினன். இப்ப செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் சீக்கிரம் வந்து பாரு, பெங்களூரு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்தியிருக்கறன்” என்று கத்திக்கொண்டே வந்தார் லாரி டிரைவர் முனிவேல்.

குருபரப்பள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில், தகரக் கூரை போட்ட வண்டி எலக்ட்ரிக் பட்டறை அது. உள்ளே இரண்டே பேர். காக்கிச் சட்டையும் நரைத்த மீசையுமாக ராஜப்பன். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்த இளம்பெண் ஜெயப்ரியா.

முனிவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன மேஸ்திரி, பொம்பளப் புள்ளைங்களும் இந்த வேலைக்கு வந்துருச்சா? புதுசா?”

ராஜப்பன் வாயைத் திறப்பதற்குள் ஜெயப்ரியாவே முந்திக்கொண்டாள். “ஆமாங்கண்ணா, இன்னிக்குத்தான் முதல் நாள்.”

“நல்லாருக்குது போ!”

முதல் நாள்தான். ஒரு நாள் வேலையைப் பார்ப்பது. பொழுது சாய்வதற்குள் பெரிய தப்பு எதுவும் நடக்காவிட்டால் வேலை நிச்சயம், நடந்துவிட்டால் வந்த வழியே வீட்டுக்கு. காலையில் பட்டறையைத் திறக்கும்போதே பேசி முடித்தது அது. அந்த நினைப்பில் ராஜப்பனுக்கு ஒரு வாய் டீகூட இறங்கவில்லை. இந்தப் பட்டறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்து தட்டுவதற்குக் கதவே கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

லாரியின் பேட்டரிப் பெட்டி பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். “பேட்டரி நல்லாத்தான் இருக்குது” என்றார்.

“எர்த்து வயரையும் பாத்துருங்கண்ணா” என்று மெதுவாகச் சொன்னாள் ஜெயப்ரியா.

முனிவேல் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா, முதல் நாளே மேஸ்திரிக்குப் பாடம் எடுக்குது!”

ராஜப்பன் முகம் சுருங்கிப் போனது. ஆனால் அந்த வயர்தான் துருவேறி, போல்ட்டில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. சும்மா ஒரு சோதனைக்கு அதை லாரியின் இரும்புச் சட்டத்தோடு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜெயப்ரியா கேபினில் ஏறிச் சாவியைத் தொட்டாள்.

“ம், அடிக்கலாம்!” என்றார் ராஜப்பன்.

செல்ஃப் முனகியது. வயர் கையிலேயே கொதித்தது.

“சாலு!” என்று அலறினார் ராஜப்பன்.

செல்ஃப் நிற்கவில்லை.

“சாலு! சாலு!”

அவர் கத்தக் கத்த அவள் விடாமல் அடித்தாள். வயரின் மேல்தோல் உருகிப் புகை கிளம்பிவிட்டது. ராஜப்பன் கையை உதறிக்கொண்டு துள்ளி விழுந்தார். முனிவேல் ஓடிப்போய்க் கேபின் கதவைப் படபடவென்று தட்டிய பிறகுதான் சத்தம் நின்றது.

யாரைக் குற்றம் சொல்வது? ராஜப்பன் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் சாலு என்றால் போதும். கர்நாடக வண்டிகள் நாள் முழுக்க வந்துபோகிற பட்டறையில், கன்னடத்துச் சாலு என்றால் வண்டியைக் கிளப்பு என்று அர்த்தம். இரண்டும் தெரிந்தவர்தான் அவர். என்ன செய்வது, கை வெந்தபோது வாயில் வந்தது வீட்டுப் பேச்சு.

முனிவேலுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? “போதும் போதும்னு மனுசன் தொண்ட கிழியக் கத்தறாரு, நீ பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கற! காது கேக்காதா உனக்கு? என் வண்டியவே கொளுத்தியிருப்பயே பாப்பா!”

“அது தப்பு என் மேலதானுங்க...” என்று இழுத்தார் ராஜப்பன்.

“நீ சும்மா இரு மேஸ்திரி. எடம் குடுத்தா இப்படித்தான்.”

“மன்னிச்சுக்கங்கண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ராஜப்பன் விரலில் ஊற்றினாள் ஜெயப்ரியா. மகள் வயதுப் பெண் தன்னால் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் கைதான் வெந்து கெடக்குதே மேஸ்திரி. நீ சொல்லிக் குடு, அது முறுக்கட்டும்” என்றார் முனிவேல்.

ராஜப்பன் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெயப்ரியா புது வயரை வெட்டி, துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினாள். அடுத்த முறை செல்ஃப் அடித்ததும் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

முனிவேல் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “மேஸ்திரி, உன் நல்லதுக்குச் சொல்றன். இன்னிக்கே இந்தப் பொண்ண வேலைய விட்டு நிறுத்திரு. பாவம் பாக்காத!”

லாரி போய்விட்டது. ராஜப்பன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தார்.

“எங்கண்ணா கிளம்பிட்டீங்க?” என்றாள் ஜெயப்ரியா.

“பேசினது பேசினபடிதானுங்க. கம்பெனிய மூடினதுக்கப்புறம், இந்த வயசுல புதுசா தொழில் கத்துக்கறன்னா எந்தப் பட்டறையிலயும் சேத்துக்கல. நீங்க ஒருத்தர்தான் ஒரு நாள் பாக்கலாம்னீங்க. அதையும் கெடுத்துக்கிட்டன், முதலாளியம்மா.”

ஜெயப்ரியா அவர் கையிலிருந்த பையை வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினாள். “அந்த டிரைவரண்ணன் நிறுத்தச் சொன்னது என்னையத்தானே? நீங்க எதுக்கு கிளம்பறீங்க?”